இரு குடியானவ மொழிகள்: நோர்வேயும் லற்வியாவும்

மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வோர் பெரும்பாலும் ஒலிகளையும் வேற்றுமையுருபுகளையும் வினைவிகுதிகளையும் எடுத்து அடுக்கி, அவற்றின் துணைகொண்டு இனவுறவை நிறுவுவதோடு அமைந்துவிடுவர். அது வேண்டப்படும் பணியே. ஆயினும் ஒரு மொழி அரசவை ஏறியமைக்கும் மற்றொன்று வயல் வரம்பில் நின்றமைக்கும் உரிய காரணத்தை இலக்கணம் கூறாது. அக்காரணத்தை நிலவுடைமையிலும் பள்ளிக்கூடத்திலும் அச்சுக்கூடத்திலுமே தேடுதல் வேண்டும். வடஐரோப்பாவின் இரு சிறு மொழிகளாகிய நோர்வேஜிய மொழியையும் லற்விய மொழியையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலனாகும்.

நோர்வே நமக்கு அறிமுகமான நாடு. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்பாட்டில் அது நடுநின்று உதவியமையை நாம் அறிவோம். நம்மவர் பலர் அங்குக் குடியேற, அவர்தம் மக்கள் அந்நாட்டு மொழியிலேயே கல்வி கற்று வளர்ந்துள்ளனர். லற்வியா அத்துணை அறியப்பட்டதன்று. பால்டிக் கடலின் கீழ்க்கரையில், எஸ்தோனியாவிற்கும் லித்துவேனியாவிற்கும் இடையே அது அமைந்துள்ளது. நோர்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம். லற்வியாவினது இருபது இலட்சத்திற்கும் குறைவு. இவ்விரு நாட்டு மொழிகளும் பன்னூறாண்டுகள் வெறும் உழவர் பேச்சென இகழப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கல்வி மொழிகளாக நிமிர்ந்தவை.

முதலில் மொழிகளின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். இரண்டும் இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நோர்வேஜிய மொழி ஜேர்மானியக் கிளையின் வடபிரிவைச் சார்ந்தது. டேனிஷ், சுவீடிஷ், ஐஸ்லாந்து மொழிகள் அதன் உடன்பிறப்புகள். லற்விய மொழி பால்டிக் கிளையைச் சார்ந்தது. இன்று வழங்கும் மொழிகளுள் லித்துவேனிய மொழியே அதற்கு நெருங்கிய சுற்றம். பழைய உறவு சில சொற்களில் இன்னும் தோன்றுகின்றது. ஞாயிற்றை நோர்வேயினர் 'சூல்' என்பர், லற்வியர் 'சௌலெ' என்பர். திங்கள் அங்கே 'மோனெ', இங்கே 'மேனெஸ்'. இரவு அங்கே 'நத்', இங்கே 'நக்த்ஸ்'. மூன்று அங்கே 'த்ரே', இங்கே 'த்ரீஸ்'. வடமொழியின் 'திரி' என்பதை அறிந்த நமக்கு இவ்வுறவு வியப்பளிப்பதன்று.

ஆயினும் இலக்கண அமைப்பில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. லற்விய மொழி பெயர்களை வேற்றுமையுருபேற்று நிற்கச் செய்வது. அந்நாட்டு இலக்கணிகள் மரபாக ஏழு வேற்றுமை கூறுவர். தலைநகராகிய ரீகாவின் பெயர் எழுவாயாக வருங்கால் இறுதி உயிர் குறில். அக்குறில் நெடிலாக நீண்டால் 'ரீகாவில்' என்று பொருள்படும். நமது இலக்கணத்தின் ஏழாம் வேற்றுமை ஆங்கு ஒரு மாத்திரையில் அடங்கிவிடுகின்றது. நோர்வேஜிய மொழியோ பழைய வேற்றுமைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. சொற்கிடக்கையும் முன்னிடைச் சொற்களுமே பொருளுறவைக் காட்டும். லற்விய வினை தன்மை முன்னிலை படர்க்கைக்கேற்ப விகுதி மாறும். நோர்வேஜிய வினை எவ்விடத்திற்கும் ஒன்றே. நோர்வேஜிய மொழியில் 'ஹூஸ்' என்பது வீடு, 'ஹூசெ' என்பது 'அந்த வீடு'. சுட்டு பெயரின் பின்னே ஒட்டும். லற்விய மொழியில் அது பெயரை விடுத்து அடையிலே ஏறும்: 'பால்த்ஸ் சிர்க்ஸ்' ஒரு வெள்ளைக் குதிரை, 'பால்தைஸ் சிர்க்ஸ்' அந்த வெள்ளைக் குதிரை. ஐரோப்பிய மொழிகளில் அரிதாகக் காணப்படும் ஓர் இயல்பு இரண்டிற்கும் பொதுவாயுள்ளது: குரலின் ஏற்ற இறக்கம் சொற்பொருளை வேறுபடுத்தும். நோர்வேயின் பெரும்பாலான வழக்குகளில் 'உழவர்' என்னும் சொல்லும் 'அவரைகள்' என்னும் சொல்லும் ஒலியால் ஒன்றே. குரலின் தொனியே அவற்றைப் பிரிக்கின்றது.

குடும்ப உறவால் வாராத வேறோர் ஒற்றுமையும் உண்டு. தையற்காரனை நோர்வேஜிய மொழி 'ஸ்க்ரெட்டர்' என்கிறது. லற்விய மொழி 'ஸ்க்ரோடெரிஸ்' என்கிறது. கன்மதிலை ஒன்று 'மூர்' என்னும், மற்றது 'மூரிஸ்' என்னும். இவை இடைக்காலத்தில் வடஜேர்மனியிலிருந்து வந்த ஹன்சா வணிகரின் மொழியிலிருந்து இரு நாட்டாரும் பெற்ற கடன்சொற்கள். நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் பதினான்காம் நூற்றாண்டில் அவ்வணிகரின் பண்டசாலை நிலைகொண்டது. 1201 இல் நிறுவப்பட்ட ரீகாவும் அதே வணிகக் கூட்டில் சேர்ந்த நகரமே. ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பேர்கனுக்கு ஜேர்மானியர் தராசு கொண்டு வந்தனர். லற்வியாவிற்கு அவர் தராசோடு சிலுவையும் வாளும் கொண்டு வந்தனர். நிலம் முழுவதையும் தமதாக்கினர். இரு மொழிகளின் வரலாறும் பிரியும் இடம் இதுவே.

நோர்வேயைக் காண்போம். பழைய நோர்வேஜிய மொழியில் சட்டங்களும் வீரர் வரலாறுகளும் எழுதப்பட்டிருந்தன. 1349 இல் பரவிய கொள்ளைநோய் எழுத்தறிந்தோரையும் வாரிக்கொண்டு போயிற்று. 1380 இல் நாடு டென்மார்க்கோடு ஒரே முடியின்கீழ் வந்தது. 1537 இல் கிறித்தவ சமயச் சீர்திருத்தம் புகுத்தப்பட்டபொழுது, வேதநூலும் ஞானவினாவிடையும் டேனிஷ் மொழியிலேயே வந்தன. ஆலயமும் நீதிமன்றமும் நகரத்துக் கனவான்களும் அம்மொழியையே எழுதினர். உழவரோ பள்ளத்தாக்குதோறும் தத்தம் வழக்கைப் பேசினர். எனினும் அவர்கள் பண்ணையடிமைகளல்லர். டென்மார்க்கின் குடியானவன் பிரபுவின் மண்ணோடு பிணிக்கப்பட்டிருந்த காலத்திலும் நோர்வேயின் குடியானவன் சட்டத்தின் முன் சுதந்திரன். பலர் தம் நிலத்திற்குத் தாமே உரிமையாளர்.

லற்வியாவில் இதற்கு நேர்மாறான நிலை. நிலம் ஜேர்மன் பிரபுக்களுடையது. உழவன் அவர்தம் அடிமை. போலந்து, சுவீடன், ருஷ்யா என்று முடிகள் மாறினும் நாட்டின் பெரும்பகுதியில் பிரபுக்கள் மாறவில்லை. அந்நாட்டு மக்களைக் குறிக்க ஆள்வோர் வழங்கிய பெயர் 'ஜேர்மானியரல்லாதோர்' என்பது. தமக்கென ஒரு பெயருக்கும் தகுதியற்றோர் என்பதே அதன் கருத்து. கல்வி பெற்று உயர்ந்த ஒருவன் தன் மொழியை விட்டு ஜேர்மானியனாகிவிடுவான் என்பது அக்கால நியதி.

இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. சுதந்திரனாகிய நோர்வே உழவனுக்குத் தன் மொழியில் வேதநூல் இல்லை. அடிமையாகிய லற்விய உழவனுக்கோ 1585 இலேயே ஞானவினாவிடை அச்சாயிற்று; குளுக் என்னும் ஜேர்மன் குருவானவர் 1694 அளவில் விவிலியம் முழுவதையும் அவன் மொழியில் வெளியிட்டார். காரணம் எளிது. டேனிஷ் மொழி நோர்வேயினர்க்குப் பாதி விளங்கும். எனவே தனிநூல் வேண்டப்படவில்லை. ஜேர்மன் மொழி லற்வியனுக்குச் சிறிதும் விளங்காது. எனவே அவனைக் கீழ்ப்படிவுள்ள கிறித்தவனாக்க அவன் மொழியையே கற்க வேண்டியதாயிற்று. ஆதிக்க மொழி அருகில் இருந்தால் சிறிய மொழியை விழுங்குகின்றது. தொலைவில் இருந்தால் அதை வேலிக்கு அப்பால் நிறுத்துகின்றது. விழுங்கப்பட்டவன் தன்னை மறக்கின்றான். விலக்கப்பட்டவன் தன்னை மறக்க இயலாது. குருமார் யாவரும் ஆதிக்கத்தின் கருவிகளாகவே இருந்தனர் என்று கூறிவிடவும் முடியாது. 1774 இல் உழவர்க்கென ஒரு பொது அறிவு நூலை லற்விய மொழியில் எழுதிய ஸ்ரெண்டர் என்னும் ஜேர்மன் குருவானவர், தம் கல்லறையில் தம்மை 'லற்வியன்' என்று பொறிக்கச் செய்தார்.

1814 இல் நோர்வே டென்மார்க்கிலிருந்து பிரிந்தது. மே 17 ஆம் நாள் அரசியலமைப்பு இயற்றப்பட்டது. ஆயினும் 1905 வரை சுவீடன் அரசனின் முடியின்கீழ் அது இருக்க நேர்ந்தது. 1814 நவம்பரில் திருத்தப்பட்ட அரசியலமைப்பு, நாட்டின் கருமங்கள் நோர்வேஜிய மொழியில் நடைபெறும் என்றது. ஆனால் அவ்வாசகம் எழுதப்பட்ட மொழியோ டேனிஷ்! நோர்வேஜிய மொழி என்பது எது என்ற வினா அன்றே பிறந்தது.

இதற்கு இருவர் இரு விடை கண்டனர். இருவரும் வறிய குடும்பத்தினர்; இருவரும் ஆசிரியத் தொழில் செய்தோர். குனூட் குனூட்சன் நகரத்துக் கற்றோரின் பேச்சை அடிப்படையாகக் கொண்டு, டேனிஷ் எழுத்துமொழியைச் சிறிது சிறிதாக நோர்வேமயமாக்கலாம் என்றார். மேற்குக் கரையில் ஒரு சிறு குடியானவனின் மகனாகப் பிறந்த ஈவார் ஓசன் வேறு வழி கண்டார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, பதினெட்டு வயதில் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்ன ஓசன், முறையான பல்கலைக்கழகக் கல்வி பெற்றவரல்லர். 1842 முதல் 1846 வரை அவர் நாட்டின் பெரும்பகுதியை நடந்தும் படகேறியும் சுற்றி, உழவர் வழக்குகளைக் குறித்துக்கொண்டார். 1848 இல் இலக்கணமும் 1850 இல் அகராதியும் வெளிவந்தன. 1864 இலும் 1873 இலும் அவற்றின் விரிந்த வடிவங்கள் தோன்றின. எந்த ஒரு வட்டாரத்தின் வழக்கையும் அவர் அரியணையேற்றவில்லை. பல வழக்குகளை ஒப்பிட்டு, அவற்றிற்குப் பொதுவான வடிவத்தைத் தேர்ந்து, ஓர் எழுத்துமொழியைச் சமைத்தார். இழிந்த பேச்சென்று நகரத்தார் நகைத்தவற்றுள் ஓர் ஒழுங்கான இலக்கணம் மறைந்து கிடந்ததை நிறுவியதே அவர் செய்த புரட்சி.

ஆனால் இலக்கணநூல் தானாகச் சட்டமாவதில்லை. 1884 இல் நாடாளுமன்றத்திற்கு மந்திரிசபை பொறுப்புடையதாதல் வேண்டும் என்னும் போராட்டம் வெற்றிபெற்றது. உழவர் ஆதரவோடு எழுந்த இடதுசாரிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டே, 1885 மேயில், ஓசனின் மொழி மற்றையதோடு சமநிலை பெற்றது. 1892 இல் எதனைப் போதனா மொழியாக்குவது என்று தீர்மானிக்கும் உரிமை உள்ளூர்ப் பள்ளிச் சபைகளுக்குக் கிடைத்தது. நிலமும் வாக்கும் உழவன் கையில் இருந்தமையாலன்றோ அவன் மொழியும் சட்டமாயிற்று!

லற்விய உழவனுக்கு அக்கருவிகள் இரண்டும் இல்லை. 1817 இலும் 1819 இலும் நாட்டின் பெரும்பகுதியில் பண்ணையடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆயின் அடிமை விடுதலை பெற்றானேயன்றி நிலம் பெறவில்லை. அதனை அம்மக்களே 'பறவையின் சுதந்திரம்' என்று கசப்போடு அழைத்தனர்: பறக்கலாம், இறங்க இடமில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உழவருள் ஒரு சாரார் நிலம் வாங்கத் தொடங்கினர். அவர்தம் பிள்ளைகள் சிலர் தார்த்துப் பல்கலைக்கழகம் சென்றனர். அங்குக் கற்ற கிறிஷ்யானிஸ் வால்டெமார்ஸ் தம் அறைக்கதவில் தொங்கவிட்ட பெயர்ச்சீட்டில் 'லற்வியன்' என்று எழுதிவைத்தார். மாணவன் ஒருவனின் அச்சிறு சீட்டு அந்நாட்டு வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சியாயிற்று. கற்றவனும் லற்வியனாக இருக்கலாம் என்பதை அது அறிவித்தது.

அவர்களை எதிர்நோக்கிய வினா நோர்வேயினதிலிருந்து வேறானது. எது எங்கள் மொழி என்று லற்வியன் மயங்க வேண்டியிருக்கவில்லை. இவ்வுழவர் மொழி உயர்ந்த கருத்தைத் தாங்குமா என்பதே ஆள்வோர் எழுப்பிய ஐயம். 1856 இல் யூரிஸ் அலுனான்ஸ் பிறநாட்டுக் கவிதைகளை லற்விய மொழியிலே பெயர்த்து ஒரு சிறு தொகுதி வெளியிட்டமை அவ்வையத்திற்கு விடையாகவே. ஆத்திஸ் குரோன்வால்ட்ஸ் என்னும் ஆசிரியர் பாடம் நடத்த வேண்டிய சொற்களைத் தம் மொழியின் வேர்களிலிருந்தே ஆக்கினார். 'கடிதம்', 'எதிர்காலம்' ஆகியவற்றுக்கு இன்று வழங்கும் லற்வியச் சொற்கள் அவர் தந்தவை. 1873 இல் முதலாவது தேசியப் பாடல் விழா ரீகாவில் நடந்தது. கிறிஷ்யானிஸ் பாரொன்ஸ் நாடெங்குமிருந்து வந்த நாட்டுப் பாடல்களைச் சிறு சீட்டுகளில் எழுதி, அதற்கெனச் செய்வித்த இழுப்பறைப் பேழையொன்றில் வகைப்படுத்தினார். 1894 முதல் 1915 வரை அச்சேறிய அத்தொகுதியில் 2,17,996 பாடல்களும் பாடபேதங்களும் உள. பெரும்பாலும் நான்கடியே கொண்ட அப்பாடல்கள் நாற்று நடுகையினும் அறுவடையினும், திருமணத்தினும் சாவினும் பாடப்பட்டவை என்று நாம் நினைத்துக்கொண்டால் அங்கு நெல்லுக்குப் பதில் ரை தானியமும் பார்லியும் விளைந்தன என்பதை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

தேசிய எழுச்சியின் உள்ளேயும் வர்க்க வேற்றுமை வளர்ந்தது. நிலம் பெற்ற உழவரும் ரீகாவின் வணிகரும் மொழிப்பற்றைத் தம் உயர்வுக்கு ஏணியாக்கினர். கூலியாளும் ஆலைத்தொழிலாளியும் கீழேயே நின்றனர். 1890 களில் 'புதிய ஓட்டம்' எனப்பட்ட இளைஞர் அணி சோசலிசக் கருத்துக்களைக் கொண்டு இதனைக் கேள்விக்குள்ளாக்கியது. அவ்வணியின் பத்திரிகையை நடத்தியோருள் ஒருவர் பெருங்கவிஞர் ரைனிஸ். கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தை அவர் லற்விய மொழியில் பெயர்த்தார். 1897 இல் கைதாகிச் சிறையிலிருந்தபோதும் அப்பணி நிற்கவில்லை. இம்மொழி தாங்குமா என்று கேட்ட பிரபுக்களுக்கு அவர்களுடைய தலைசிறந்த கவிஞனின் நூலையே விடையாக்கியவர், தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக நாடுகடத்தப்பட்டவர் என்பது சிந்திக்கத்தக்கது. இதற்குள் ருஷ்யப் பேரரசு பள்ளிகளில் ருஷ்ய மொழியைத் திணித்திருந்தது. 1905 புரட்சியில் பிரபுக்களின் மாளிகைகள் பல எரிந்தன. நவம்பரில் ரீகாவில் கூடிய ஆசிரியர் மாநாடு தாய்மொழிக் கல்வியைக் கோரியது. அடக்குமுறைப் படைகள் அதற்கு விடையளித்தன. 1918 இல் நாடு விடுதலை பெற்றது; 1919 இல் ரீகாவில் பல்கலைக்கழகம் தோன்றியது; 1920 இன் நிலச்சீர்திருத்தம் பிரபுக்களின் பெருநிலங்களைப் பகிர்ந்தளித்தது. மொழியும் நிலமும் அங்கு ஏறத்தாழ ஒருங்கே மீண்டன.

நோர்வேயிலே மொழிப்போர் வேறு வடிவம் கொண்டது. 1929 முதல் நகரவழி மொழி 'பூக்மோல்' என்றும் ஓசன்வழி மொழி 'நீநோர்ஸ்க்' என்றும் வழங்கலாயின. வரலாற்றறிஞரும் தொழிற்கட்சித் தலைவருமான ஹல்வ்டான் கூட், இப்போர் உழவரும் தொழிலாளரும் பண்பாட்டில் தமக்குரிய இடத்தைக் கோரும் போராட்டமே என்று வாதித்தார். 1938 இன் எழுத்துச் சீர்திருத்தம் கிழக்கு நாட்டுப் பாமரர் வழக்குகளுக்கும் இடமளித்து, இரு மொழிகளையும் ஒன்றாக்க முயன்றது. 1950 களில் தலைநகரத்துப் பெற்றோர் பலர் அத்தகைய பாடநூல்களை எதிர்த்துக் கிளர்ந்தனர்; தம் பிள்ளைகளின் ஏட்டிலே வேலைக்காரரின் சொற்கள் இடம்பெறுவதை அவர்கள் பொறுக்கவில்லை. இணைப்புக் கொள்கை 2002 இல் முறைப்படி கைவிடப்பட்டது. 1944 அளவில் தொடக்கப்பள்ளி மாணவருள் மூன்றிலொரு பங்கினர் நீநோர்ஸ்க் மொழியிலே கற்றனர். இன்றோ எட்டிலொரு பங்கினரளவே. சட்டம் சமநிலை தரலாம். செய்தித்தாளும் வணிகமும் நகரத்து வேலைவாய்ப்பும் எம்மொழியின் பக்கம் உள்ளனவோ, பிள்ளைகளை அம்மொழியே ஈர்க்கின்றது.

லற்வியாவை 1940 இல் சோவியத் ஒன்றியம் இணைத்துக்கொண்டது. 1941 இலும் 1949 இலும் பல்லாயிரவர் நாடுகடத்தப்பட்டனர். பெருந்தொழில்களுக்கென ருஷ்ய மொழி பேசுவோர் பெருந்தொகையாகக் குடியேற்றப்பட்டனர். 1935 இல் நான்கில் மூன்று பங்கினராயிருந்த லற்வியர் 1989 இல் 52 வீதத்தினராயினர். அலுவலகமும் ஆலையும் ருஷ்ய மொழியில் இயங்கின. கட்டாய அரசமொழி கூடாதென்று 1914 இலேயே எழுதியவர் லெனின். அவர் பெயரால் ஆண்டோரே அக்கொள்கையைக் கைவிட்டனர் என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் தகாது. 1989 இன் மொழிச்சட்டமும் 1991 இன் விடுதலையும் அதன் பின்விளைவுகளே.

எழுச்சி பெற்ற மொழி தன்னிலும் சிறிய மொழியை எங்ஙனம் நடத்தியது? இவ்விரு வரலாறுகளிலும் நம் மனத்தை உறுத்தும் பகுதி இதுவே. உழவர் மொழிக்கு 1885 இல் சமநிலை நல்கிய நோர்வே, பதின்மூன்றே ஆண்டுகளின் பின், 1898 இல், வடக்கே வாழும் சாமிப் பழங்குடியினரின் மொழியைப் பள்ளிகளில் வெறும் உதவிக்கருவியாக ஒடுக்கி ஆணையிட்டது. 1902 இன் சட்டம் ஃபின்மார்க் பகுதியில் நோர்வேஜிய மொழி பேசவும் வாசிக்கவும் எழுதவும் வல்லார்க்கே அரச நிலத்தை விற்றது. மொழிக்கும் நிலத்திற்கும் உள்ள தொடர்பை இதனினும் அப்பட்டமாகக் காட்டும் சட்டம் அரிது. சாமி நாடாளுமன்றம் 1989 இலேயே அமைந்தது. உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை 2023 இல் வந்தது. 2024 இல் நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது.

லற்வியா 1919 இல் சிறுபான்மையினர்க்குத் தத்தம் மொழிப்பள்ளிகளை நடத்தும் தன்னாட்சி அளித்திருந்தது. 1934 இல் ஏற்பட்ட சர்வாதிகாரம் அதனைக் குறைத்து, கிழக்கின் லாத்காலிய எழுத்து மரபையும் ஒடுக்கியது. கடற்கரை மீனவர் பேசிய லிவ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இறுதியாள் 2013 இல் கனடாவிலே மறைந்தார். ருஷ்ய மொழியை இரண்டாம் அரசமொழியாக்கும் கோரிக்கையை 2012 இன் பொதுவாக்கெடுப்பிலே வாக்களித்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நிராகரித்தனர். 2023 இல் தொடங்கிய திட்டம் ருஷ்ய மொழிப் பள்ளிகளையும் படிப்படியாக லற்விய மொழிக்கு மாற்றியது. பேரரசொன்றின் மொழியைச் சாமி மொழியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. லற்வியரின் அச்சம் வரலாற்றிலிருந்து எழுந்தது. ஆயினும் ரீகாவின் ஆலையிலே உழைத்த ருஷ்யத் தொழிலாளியின் பேரப்பிள்ளை ஸ்டாலினின் ஆணையில் கையொப்பமிட்டதில்லை. அப்பிள்ளை நாட்டின் பொதுமொழியைக் கற்க வேண்டும். தன் வீட்டு மொழியிலும் எழுத்தறிவு பெற வேண்டும். இவற்றுள் ஒன்றுக்காக மற்றொன்றைப் பறித்தல் நீதியாகாது.

1956 இன் பின் இந்நாட்டில் வாழ்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓசனும் குரோன்வால்ட்ஸும் ஆசிரியர்கள்; வகுப்பறையில் தம் முன் அமர்ந்திருந்த உழவர் பிள்ளையின் பேச்சைப் பிழையென்று தள்ளாது செவிமடுத்தவர்கள். வடக்கே சாமிப் பிள்ளையின் வாயை அடைத்தோரும் ஆசிரியர்களே. ஆணை எங்கிருந்து வரினும் அதனை நிறைவேற்றும் இடம் வகுப்பறை. மலையகத்துப் பிள்ளையின் சொல்லையும் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளையின் சொல்லையும் நம் சிவப்பு மை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதை, நாளைக்காலை பயிற்சிக் கொப்பிகளைத் திருத்த அமரும்பொழுது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.